பாதி செருகிய பிளக்

மின்னணுக் கருவிகளை வடிவமைக்கும் இளம் பொறியாளர்களுக்கு,



நீங்கள் ஒரு கருவியை உருவாக்கும்போது அதன் சர்க்யூட்டுக்கும், போர்டின்மேல் ஒவ்வொரு பாகமும் அமரவேண்டிய இடத்துக்கும், உள்ளே ஓடவேண்டிய நிரலுக்கும் எவ்வளவு சிரத்தை செலுத்துகிறீர்கள் என்பதை, அக்கருவிகள் ஓய்ந்துபோய் மேசைக்கு வந்த பிறகு அவற்றைத் திறந்து பார்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட நான் நன்றாக அறிவேன். அந்தச் சிரத்தையில் ஒரு சிறு பங்கு கேபிளின் முனையில் இருக்கும் கனெக்டருக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். கனெக்டர் என்பது வடிவமைப்பெல்லாம் முடிந்தபின், கையிருப்பில் எது இருக்கிறது, எது சில காசு மலிவு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படும் பொருளாகவே பெரும்பாலும் இருந்துவருகிறது; அதிலும் அதன் பூட்டு, அதாவது செருகிய பிளக்கைச் சாக்கெட்டிலேயே பிடித்து நிறுத்தும் அந்தச் சிறு நாக்கோ திருகோ கொக்கியோ, செலவைக் குறைக்கவேண்டும் என்ற பேச்சு எழும்போது முதலில் பலியாகும் உறுப்பாக இருக்கிறது.

பூட்டு எதற்கு என்று கேட்டால், கேபிளை யாரேனும் இழுத்துவிட்டால் கழன்றுபோகாமல் இருப்பதற்கு என்று விடை வரும். அது மெய்தான், ஆனால் முழு மெய்யன்று. முற்றிலும் கழன்றுவிட்ட பிளக் யாரையும் ஏமாற்றுவதில்லை: கருவி நின்றுவிடும், கேபிள் தொங்குவது கண்ணுக்குத் தெரியும், எடுத்துச் செருகினால் காரியம் முடிந்தது. அபாயமெல்லாம் பாதி செருகிய பிளக்கில் இருக்கிறது. அது வெளிப்பார்வைக்குச் செருகியது போலவே தோன்றும், கருவியும் ஓடும், ஓடிக்கொண்டே தப்பான அளவைக் காட்டும், அல்லது சூடேறும், அல்லது காரணம் புலப்படாமல் நின்று, காரணம் புலப்படாமல் மீண்டும் ஓடத் தொடங்கும். ஆகவே, பாதி செருகிய நிலை என்று ஒன்று நிலைத்திருக்கவே இடங்கொடாமல், உள்ளே இல்லையேல் வெளியே என்று ஐயத்துக்கிடமின்றித் தீர்த்துவிடுவதே பூட்டின் பிரதான கடமை என்பது என் துணிபு. இழுப்பைத் தாங்குவது அதற்கு அடுத்தபடியான கடமைதான்.

இதற்குச் சான்றாக, விஞ்ஞான உலகத்தையே சில மாதங்கள் கலங்கவைத்த ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறேன். ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள், பூமிக்குள் நேராகப் புகுந்து, சுமார் 730 கிலோமீட்டருக்கு அப்பால் இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் அமைந்த ஓபரா என்னும் பரிசோதனை நிலையத்தை, ஒளி வந்திருக்கக்கூடிய நேரத்துக்குச் சுமார் 60 நானோவிநாடி முன்னதாகவே வந்தடைந்தன என்று 2011 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஒளியை விஞ்சும் வேகம் எதற்கும் இல்லை என்ற ஐன்ஸ்டைனின் சித்தாந்தமே ஆட்டங்கண்டுவிட்டதோ என்று பேசப்பட்ட அந்த நாட்களில், பரிசோதனையில் ஈடுபட்டிருந்தவர்கள் தங்கள் கணக்குகளையும் கருவிகளையும் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் காரணம் வெளிப்பட்டது: மலைக்கு வெளியே ஜி.பி.எஸ். கருவி வாங்கித் தரும் நேரத்தை, மலைக்கடியில் உள்ள தலைமைக் கடிகாரத்துக்குச் சுமந்து வரும் ஒளியிழைக் கேபிளின் கனெக்டர், முற்றிலும் திருகப்படாமல் சற்றே சாய்ந்து நின்றிருந்தது.

அது கழன்று விழவில்லை என்பதை ஊன்றிக் கவனியுங்கள். கழன்றிருந்தால் கடிகாரத்துக்கு நேரமே வந்திராது. அன்றைக்கே யாரேனும் போய் அதைத் திருகியிருப்பார்கள். அரைகுறையாக நின்றதனால் ஒளி வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் குறைந்த அளவில் வந்தது. குறைந்த ஒளி, வாங்கும் பக்கத்தில் உள்ள மின்சமிக்ஞையை அதற்குரிய அளவுக்கு உயர்த்தச் சற்று அதிக அவகாசம் எடுத்துக்கொண்டது. அந்த அவகாசம் சுமார் 73 நானோவிநாடி. கடிகாரம் அவ்வளவு பின்தங்கியதால், வந்த துகள்கள் முந்தி வந்தவையாகக் கணக்கில் ஏறின. கடிகாரத்தின் உள்ளேயே இருந்த வேறொரு சிறு பிழை எதிர்த்திசையில் சிறிது ஈடுசெய்ததால், மிஞ்சியது அந்த 60. அதே மலைக்கடியில் இருந்த எல்.வி.டி. என்னும் மற்றொரு கருவியின் பழைய பதிவுகளோடு ஓபராவின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த நேரப்பிசகு 2008-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 2011 முடியும்வரை நீடித்திருந்தது என்று தெரியவந்தது. உலகின் தேர்ந்த நிபுணர்கள் நாள்தோறும் நடமாடிய இடத்தில், மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பிளக் பாதி செருகிய நிலையில் இருந்தது. பார்த்தவர் எவருக்கும் அது தன் நிலையைத் தெரிவிக்கவில்லை. 2012-இல் செய்த மறு அளவீடுகளில் நியூட்ரினோக்கள் ஒளியை விஞ்சவில்லை என்பது உறுதியாயிற்று. அதற்குள் அப்பரிசோதனையின் தலைமைப் பொறுப்பிலிருந்த இருவர் பதவி துறந்திருந்தார்கள்.

ஓபராவில் உயிர்ச்சேதம் இல்லை. 2024 மார்ச் 26 அன்று அதிகாலையில் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட டாலி என்னும் சரக்குக் கப்பல், மின்சாரத்தை இழந்து, சுக்கானின் வசமிழந்து, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியபோது, பாலத்தின் மேல் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர் 6 பேர் மாண்டார்கள். சுமார் 300 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலில் ஒவ்வொரு கம்பியாகத் தேடிய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2025 நவம்பரில் அறிவித்த முடிவு இது: கம்பியை அடையாளம் காண்பதற்காக அதன்மேல் மாட்டியிருந்த பெயர்ப்பட்டை, அக்கம்பியை டெர்மினலின் ஸ்பிரிங் பிடிக்குள் முழுவதும் நுழையவொட்டாமல் தடுத்திருந்தது, பிடிப்புப் போதாத அந்தக் கம்பி விலகியதால் முதல் மின்தடை நேர்ந்தது. அங்கே ஸ்பிரிங் இருந்தது, பிடியும் இருந்தது. பிடித்துவிட்டேனா இல்லையா என்று சொல்லும் திறன்தான் இல்லை.

இனி, அந்தத் திறனை வெவ்வேறு காலத்துப் பொறியாளர்கள் எவ்வாறு தேடினார்கள் என்பதைப் பார்ப்போம். திருகு மிகவும் பழமையான பூட்டு. வலிமையில் அதற்கு நிகரில்லை. ஆனால் திருகுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, செருகுவது ஒரு வேலை, திருகுவது இன்னொரு வேலை என்று அது பிரிந்து நிற்கிறது. முதல் வேலை முடிந்தவுடனே கருவி ஓடத் தொடங்கிவிடுவதால் இரண்டாவது வேலையை மனிதன் செய்வதில்லை. 1952-இல் கேனன் நிறுவனம் கொண்டுவந்த, டி எழுத்தின் வடிவிலான கனெக்டரை நினைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் மானிட்டர்களின் பின்னால் பல்லாண்டுகள் ஆட்சி செய்த அதன் இரு பக்கத் திருகுகளும், எந்த அலுவலகத்தில் சென்று பார்த்தாலும், முடுக்கப்படாமலே இருந்தன. இரண்டாவது குறை இன்னும் பெரிது: திருகு எங்கே முடிகிறது என்பது கைக்குத் தெரிவதில்லை. ஓபராவில் நேர்ந்தது இதுவே. ஆகாய விமானங்களிலும் ராணுவத் தளவாடங்களிலும் புழங்கும் 38999 என்ற எண்ணுடைய வட்டக் கனெக்டரை வகுத்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். சாக்கெட்டின்மேல் ஒரு சிவப்புப் பட்டையைத் தீட்டி, பிளக் முழுவதும் திருகப்பட்டால் அப்பட்டை மறைந்துவிடும்படி அமைத்தார்கள். சிவப்புத் தெரிந்தால் இன்னும் முடியவில்லை என்று பொருள். டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்ப்பவருக்கு அது போதும். அதிர்வினால் தானே கழன்றுவராதபடி தடுக்கும் பல்லமைப்பும் அதற்குள் இருக்கிறது.

இரண்டு வேலைகளையும் ஒரே அசைவாக்கிய பெருமை பி.என்.சி. கனெக்டருக்கு உரியது. 1951-இல் ஆக்டேவியோ சலாட்டி என்பவர் பெயரில் காப்புரிமை பெற்ற அந்தச் சிறு உலோக உருளையை, ஆஸிலாஸ்கோப்பின் முன் உட்கார்ந்த எவரும் விரலால் அறிவார்: உள்ளே தள்ளிக் கால் சுற்றுச் சுற்றினால், உள்ளிருக்கும் ஸ்பிரிங் இரண்டு முளைகளையும் அவற்றின் குழிகளுக்குள் இழுத்து அமர்த்திவிடுகிறது. அமர்ந்ததும் விரலில் ஒரு சிறு அதிர்வு உண்டாகிறது. அந்த அதிர்வு வரவில்லையென்றால், அமரவில்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு கருவி மனிதனோடு பேசமுடியுமா என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

ஒலிபெருக்கித் தொழிலில் இருப்பவர்கள் பயன்படுத்தும் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். கனெக்டரும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. தள்ளியவுடன் கொக்கி விழும் சப்தம் கேட்கும். பொத்தானை அழுத்தினாலன்றி வெளியே வராது. பல தயாரிப்புகளில் முதலாம் பின், அதாவது எர்த்துக்கு உரியது, மற்ற இரண்டுக்கும் சற்று முன்னதாகவே தொட்டுக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது என்பது, அதை வகுத்தவர்களின் முன்யோசனைக்கு அடையாளம். மாறாக, நம் ஊர்க் கடைகளில் பி-38 என்று கேட்டு வாங்கப்படும் கால் அங்குலப் பிளக்குக்குப் பூட்டு என்பதே கிடையாது. மைக்குக்கும் கிதாருக்கும் அது ஒருவாறு பொருந்தலாம். ஸ்பீக்கருக்கு அதைப் பயன்படுத்தியபோது, செருகும் போதும் உருவும் போதும் அதன் முனைகள் சாக்கெட்டுக்குள் ஒன்றையொன்று தொட்டு ஆம்ப்ளிபயரையே பலிகொள்ளக் கூடியதாக இருந்தது. 1987-இல் நியூட்ரிக் நிறுவனம் ஸ்பீக்கான் என்னும் கனெக்டரைக் கொண்டுவந்து, தள்ளித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வகையையும், விரலுக்கு எட்டாத தொடுமுனைகளையும் ஸ்பீக்கருக்கு அளித்த பிறகே அந்தத் தொல்லை ஒழிய வழி பிறந்தது. திருவிழா மேடையில் மைக் செட்காரரின் கேபிள்கள் கிடக்கும் கிடையையும், அவற்றின்மேல் நடக்கும் கால்களையும் பார்த்தவர்கள், இவற்றின் அருமையை எளிதில் உணர்வார்கள்.

இவை அனைத்திலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஸ்விட்சர்லாந்தில் லெயோன் மூத்தே என்பவர் 1946-இல் தொடங்கிய லெமோ நிறுவனத்தார் 1957-இல் வெளியிட்ட தள்ளு-இழு வகைக் கனெக்டர். இதில் கேபிளைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் உள்ளிருக்கும் கொக்கிகள் இன்னும் இறுகுமேயன்றி விடா. வெளிக்கூட்டைப் பிடித்து மெல்ல இழுத்தாலோ, கொக்கிகள் தாமே மடங்கி வழிவிடும். தவறிக் காலில் மாட்டிய கேபிளின் இழுப்புக்கும், கழற்றவேண்டும் என்று எண்ணிய கையின் இழுப்புக்கும் உள்ள பேதத்தை ஒரு சிறு உலோகக் கூடு தானே அறிந்து நடக்கிறது. மருத்துவக் கருவிகளில் இவ்வகைக் கனெக்டர்களை விரும்பி வைப்பதன் காரணம் இதுவே. விலை அதிகம்தான், ஆனால் எந்தப் பொருளுக்கு நாம் கொடுக்கும் விலை வெறும் உலோகத்துக்கன்றி யோசனைக்குக் கொடுக்கும் விலையாக இருக்கிறதோ, அதைப் பார்த்து முகஞ்சுளிப்பது நியாயமன்று.

வீட்டுச் சாதனங்களின் உலகம் இதற்கு எதிர்த்திசையில் சென்றுவிட்டது. 1996-இல் வந்த யு.எஸ்.பி. வெறும் உராய்வினாலேயே நிற்கிறது, எச்.டி.எம்.ஐ.யும் பெரும்பாலும் அப்படியே. செருகவும் உருவவும் சுலபமாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் குற்றமன்று. பாமரரின் கையில் பதினாயிரம் முறை செருகி எடுக்கப்படும் பொருளுக்கு அது தேவையும்கூட. ஆனால் அதே உராய்வுக் கனெக்டரை எடுத்து, நாள் முழுவதும் அதிரும் தொழிற்சாலை இயந்திரத்தின் கேமராவுக்கும், ஆஸ்பத்திரிச் சக்கர மேசையில் நகரும் மானிட்டருக்கும் பொருத்துவது குற்றம். யு.எஸ்.பி. சி வகைக்கே திருகால் பூட்டும் வகைகளை வரையறுக்கும் ஒரு தனி விதிநூல் 2016-இல் வெளிவந்திருக்கிறது. அதை எடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நெட்வொர்க் கேபிளின் முனையில் இருக்கும் ஆர்.ஜே.45 பிளக்கின் கதை வேறு: அதற்குப் பூட்டு உண்டு, சப்தமும் உண்டு, ஆனால் அந்தப் பிளாஸ்டிக் நாக்கு ஒருமுறை பின்புறமாக மாட்டிக்கொண்டால் ஒடிந்துவிடுகிறது. ஒடிந்த பின்னும் பிளக் சாக்கெட்டில் உட்காருகிறது. நாக்கு ஒடிந்த பிளக்கைத் தூக்கி எறியாமல் பயன்படுத்துவது நம்மிடையே சர்வ சாதாரணமாகிவிட்டது; நாக்கை மூடிக் காக்கும் ரப்பர் உறை போட்ட கேபிளைக் கேட்டு வாங்குவது இன்னும் அவ்வளவு சாதாரணமாகவில்லை.

மோட்டார் வாகனத் தொழிலில் உள்ளவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளவேண்டியது நிரம்ப இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்கள் வரிசையாக உருவாகி வெளிவருவதை அறிவீர்கள். அவற்றின் உள்ளே ஓடும் வயரிங் ஹார்னஸைக் கோக்கும் தொழிலாளிக்கு உலகெங்கும் கற்பிக்கப்படும் முறை, தள்ளு, சப்தத்தைக் கேள், இழுத்துப் பார் என்பது. அதோடும் அவர்கள் நிற்கவில்லை. ஏர்பேக் போன்ற உயிர்காக்கும் உறுப்புகளின் கனெக்டர்களில் பூட்டுக்கு மேல் இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. முதல் பூட்டு முழுவதும் விழுந்தாலன்றி அந்த இரண்டாவது துண்டை உள்ளே தள்ளவே இயலாது. தொழிலாளியின் காது இரைச்சலில் சப்தத்தைத் தவறவிட்டாலும், தள்ளமுடியாத துண்டு அவருக்கு உண்மையைச் சொல்லிவிடும். மேலும் அந்தக் கனெக்டர் கழற்றப்பட்ட நிலையில், உள்ளிருக்கும் ஒரு சிறு தகடு இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. தவறிப் பாயும் சிறு மின்சாரத்தால் ஏர்பேக் வெடித்துவிடாமல் இருப்பதற்காக. கழன்ற நிலையிலும் தீங்கு நேராதிருக்க யோசித்தவர்களை வணங்கத் தோன்றுகிறது.

மின்சாரம் மிகுதியாக ஓடும் இடங்களில் பாதி செருகிய பிளக் நெருப்பாக மாறுகிறது. 2022-இல் வந்த உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகளுக்கென 12 வோல்ட்டில் 600 வாட் வரை கொண்டுசெல்லும் ஒரு சிறு கனெக்டர் புழக்கத்துக்கு வந்தது. அதாவது 50 ஆம்பியர். அதை ஆறு பின்கள் பகிர்ந்துகொண்டால் பின்னுக்கு எட்டு ஆம்பியருக்கு மேல். அதற்குப் பூட்டு நாக்கு இருந்தபோதிலும், அது சிறியதாக இருந்ததாலும், சப்தம் தெளிவாக இல்லாததாலும், முழுவதும் உள்ளே போகாமலே கார்டு ஓடியது. தொடும் பரப்புக் குறைந்த இடத்தில் தடை கூடி, தடை கூடிய இடத்தில் சூடேறி, சில கனெக்டர்கள் உருகிப்போயின. பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தத்தை நான் பெரிதும் மெச்சுகிறேன்: மின்சாரம் உண்டா என்று கேட்டறியும் நான்கு சிறு பின்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். பிளக் கடைசிவரை உள்ளே போனால்தான் அவை தொடும். அவை தொட்டால்தான் கார்டு மின்சாரத்தை இழுக்கும். பாதி செருகினால் கருவி ஓடவே ஓடாது. இதனால் அந்தக் கனெக்டரின் தொல்லைகள் அத்தனையும் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. பின்களுக்குள் மின்சாரம் சமமாகப் பங்காகாமல் போவது தனிப் பிரச்சினை. ஆனால் கடைசியில் தொடும் குட்டைப் பின் என்ற யோசனை எந்தக் கருவிக்கும் பொருந்தும். உங்கள் கனெக்டரில் இரண்டு பின்கள் மிச்சமிருந்தால், அவற்றை வீணே விடாமல் இந்தக் காரியத்துக்குக் கொடுங்கள்.

கடலோரத்தில் வசிக்கும் நமக்கு இதில் ஒரு தனிக் கவலையும் உண்டு. வெள்ளீயம் பூசிய தொடுமுனைகள், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக உராய்ந்து அசைந்துகொண்டே இருந்தால், அங்கே புதிது புதிதாக ஆக்ஸைடு படிந்து, அந்தத் துகளே மின்சாரத்தைத் தடுக்கும் திரையாகிறது. உப்புக் காற்றும் ஈரமும் அதற்குத் துணைசெய்கின்றன. கருவி நின்றுபோகும், பழுதுபார்ப்பவர் கேபிளை உருவி மறுபடி செருகுவார், அந்தச் செருகலில் திரை துடைக்கப்பட்டு, கருவி ஓடும், பழுது ஒன்றும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பப்படும், சில வாரங்களில் மீண்டும் வரும். இப்படி வந்து வந்து போன கருவிகளில், போர்டைக் குற்றஞ்சொல்லிப் போர்டையே மாற்றியவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிளக்கை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் பூட்டு இருந்திருந்தால் அந்த உராய்வே நேர்ந்திராது. பூட்டு வைக்க மனமில்லாத தொழிற்சாலைகள் கனெக்டரின்மேல் சூடான பசையை ஊற்றிவிடுகின்றன. பசை பூட்டாகாது, சரியாக அமராத பிளக்கை அது அமராத நிலையிலேயே உறையவைத்துவிடும், பிறகு கழற்றுகிறவர் பின்னையும் சேர்த்துப் பிடுங்க நேரும்.

எல்லா இடத்திலும் பூட்டு வேண்டும் என்பது என் வாதமன்று. 2006-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிக்குக் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர் முனையை வைத்தது, கேபிள் காலில் இடறினால் முனை விலகட்டும், கணினி கீழே விழாதிருக்கட்டும் என்பதற்காக. அது நல்ல முடிவு. அங்கேயும் பாதி நிலை என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள்: காந்தம் ஒன்று பற்றும், அல்லது விடும். பூட்டு வைக்கும்போது இழுப்பு எங்கே போய்ச் சேரும் என்பதையும் எண்ணவேண்டும். விடாத கனெக்டரைப் போர்டின் ஈயப் பற்றுகளில் மாத்திரம் நிற்கவைத்தால், கேபிள் இழுக்கப்படும்போது கனெக்டர் விடாது, போர்டு பெயர்ந்துவரும். ஆகவே சாக்கெட்டைக் கூட்டின் சுவரில் திருகி நிறுத்துங்கள்.

இனி நான் கேட்பன சில. உங்கள் கருவியின் ஒவ்வொரு கேபிளையும், அதை வடிவமைத்த நீங்களன்றி, முதன்முறையாகப் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து, வெளிச்சமில்லாத மூலையில், மேசைக்குப் பின்னால் கையை நீட்டிச் செருகச் சொல்லுங்கள். செருகிவிட்டதா என்று அவரைக் கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தக் கனெக்டரை மாற்றுங்கள். அருகருகே இருக்கும் இரண்டு சாக்கெட்டுகளுக்கு ஒரே வடிவத்தைக் கொடுக்காதீர்கள். போர்டுக்குள் ஃபிளெக்ஸ் கேபிளைப் பிடிக்கும் அந்த நகக்கண் அளவுள்ள மடிப்புப் பூட்டு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைப் போர்டின்மேலேயே ஓர் அம்புக்குறியால் அச்சிட்டுவிடுங்கள். திறக்கும் திசை தெரியாமல் ஒடிக்கப்பட்டவை எண்ணிலடங்கா.

கடைசியாக, பூட்டைச் சுற்றி இடம் விடுங்கள். நாக்கை அழுத்தினால்தான் விடும் கனெக்டரை, அந்த நாக்கு ஹீட் ஸிங்கை நோக்கியிருக்கும்படி பொருத்தியும், பக்கத்திலேயே ஒரு பெரிய கெப்பாஸிட்டரை நிறுத்தியும் விட்டால், பழுதுபார்ப்பவர் ஸ்குரூ டிரைவரின் முனையால் நெம்புவார், நாக்கு ஒடியும், அதன்பின் அக்கருவி தன் மிச்ச ஆயுள் முழுவதையும் பூட்டில்லாமலே கழிக்கும். கணினித் திரையில் போர்டை வரையும்போது, பாகங்களின் உயரத்தையும் அகலத்தையும் குறிப்பது போலவே, ஒவ்வொரு கனெக்டரின் அருகிலும் ஒரு மனித விரலின் அகலத்துக்கு ஒரு கோடு வரைந்து, அதற்குள் வேறு எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள ஒருவன்